பிறர் குதிரைக்குத் தீனி கொடுக்கலாமா?

புணே நகருக்குக் கிழக்கே, சோலாப்பூர் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள ஹடப்சர், குதிரைகளால் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று. பூனாவாலா குடும்பத்தினர் 1946ஆம் ஆண்டில் இங்குப் பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினர். பந்தயத்திற்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாத குதிரைகள் அங்கிருந்து பம்பாயின் ஹாஃப்கின் நிலையத்திற்கு வழங்கப்பட்டு வந்தன. டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க்கும் பாம்புக்கடிக்கும் உரிய எதிர் மருந்துகள் குதிரையின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டன. நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றினால் குதிரையின் உடல் அதனை எதிர்க்கும் பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்கிக் கொள்ளும். அவ்விரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துத் தெளிவித்துப் பயன்படுத்துவதே அம்முறை. இம்மருந்துகளை உள்ளூரிலேயே செய்யும் நோக்குடன் 1966ஆம் ஆண்டில் சீரம் நிலையம் ஹடப்சரில் நிறுவப்பட்டது. பின்னர் அது தடுப்பு மருந்துகளின் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்றது.

இன்று நகரம் ஹடப்சரையும் கடந்து பரவிவிட்டது. குதிரைகள் மேயும் வெளிகளும் மக்கள் வாழும் வீடுகளும் அருகருகே அமையும் இத்தகைய இடங்களில் ஒரு கேள்வி எழுகிறது. வேலியருகே வந்து நிற்கும் குதிரைக்கு வழிப்போக்கர் ரொட்டியோ, பழமோ, வெல்லமோ கொடுப்பது தகுமா? சுருங்கக் கூறின், உரியவரின் இசைவின்றிக் கொடுத்தல் தகாது. இதற்கான காரணங்கள் குதிரையின் உடலமைப்பிலேயே அடங்கியுள்ளன.

குதிரையின் வயிறு

கொள் என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பது பழமொழி. கொடுத்ததையெல்லாம் ஆவலுடன் தின்பதனால் அது குதிரைக்கு ஒத்த உணவு என்று கொள்ளலாகாது. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். நாள் முழுவதும் சிறுகச் சிறுக மேய்வதற்கென அமைந்த வயிறு அது. இரைப்பையின் வாயிலில் உள்ள வலிய தசை வளையம் உணவை மேலே திரும்ப விடுவதில்லை. ஆதலால் குதிரை வாந்தி எடுக்க இயலாது. தகாத உணவை நாயும் பூனையும் கக்கிவிடும். குதிரைக்கோ அவ்வழி இல்லை.

புல்லின் நார்ப்பொருள் செரிப்பது குருட்டுக் குடலிலும் பெருங்குடலிலும் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களாலேயே. இவை பழகிய உணவுக்கு ஏற்பப் பெருகி நிற்பவை. திடீரென மிகுதியான தானியமோ, ரொட்டியோ, வெல்லமோ உள்ளே சென்றால், சிறுகுடலில் செரிக்காது எஞ்சிய மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து விரைவாகப் புளிக்கிறது. அமிலம் மிகுகிறது, பயன் தரும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன.

நேரும் கேடுகள்

முதலாவது, சூலை எனப்படும் கடும் வயிற்றுவலி. குதிரை முன்காலால் நிலத்தைத் தோண்டும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், வியர்க்கும், படுத்துப் புரளும். குடல் முறுக்கிக்கொண்டால் அறுவை மருத்துவமின்றிப் பிழைப்பது அரிது.

இரண்டாவது, குளம்பு அழற்சி. குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்திசுக்கள் பழுதடைவதால் குதிரை நிற்கவும் முடியாமல் துன்புறும். வயிற்றில் தொடங்கிய கேடு காலில் முடிவது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

மூன்றாவது, தொண்டையடைப்பு. முழு ஆப்பிள், உருண்டையாக நறுக்கிய காரட், காய்ந்த ரொட்டி முதலியன உணவுக் குழாயில் சிக்கும். மூக்கின் வழியே எச்சிலும் உணவும் வடிதல் இதன் அடையாளம்.

இயந்திரத்தால் வெட்டிய புல்லைக் கொட்டுவதும் நற்செயலன்று. பொடியாக வெட்டிய புல்லைக் குதிரை மெல்லாமல் விழுங்கும். குவியலில் அது சூடேறிப் புளித்திருக்கும். இதனினும் கொடியது வேலிச்செடிக் கழிவு. தக்காணத்திலும் தமிழ்நாட்டிலும் வேலிகளிலும் சாலையோரங்களிலும் வளரும் அரளியின் இலை, காய்ந்த நிலையிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. சில பத்து இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதுமானவை. ஆமணக்கு விதையும் கொடிய நஞ்சே. வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும். முட்டைக்கோசு வயிற்றில் வாயுவைப் பெருக்கும்.

உரியவர் மட்டுமே அறிந்தவை

நலமுடன் தோன்றும் குதிரைக்கு இனிப்பு ஆகாத நோய் இருக்கலாம். மருத்துவர் அதனைப் பட்டினியில் வைத்திருக்கலாம். பந்தயக் குதிரையாயின் மற்றுமொரு சிக்கல் உண்டு. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும், காப்பி, தேயிலை ஆகியவற்றில் உள்ள காஃபினும் பந்தயங்களில் தடை செய்யப்பட்ட பொருள்கள். அன்பின் மிகுதியால் கொடுத்த ஒரு துண்டு இனிப்பு, சோதனையில் வெளிப்பட்டு, குதிரையையும் அதனைப் பேணுவோரையும் குற்றத்திற்கு உள்ளாக்கக்கூடும்.

நோய் பரவுதல்

ஒரு குதிரையின் மூக்கைத் தடவிய கை மற்றொன்றின் வாய்க்குச் செல்லும்போது நோயும் உடன் செல்கிறது. ஸ்ட்ராங்கில்ஸ் என்னும் தொண்டைக் கழலை நோய் இவ்வாறு பரவக்கூடியது. கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதரையும் தாக்கும். இதனை ஒடுக்க 1899ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நோயுற்ற குதிரையைக் கொன்றுவிடுவதே அச்சட்டம் காட்டிய வழி. 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில், புணே உட்பட, இந்நோய் மீண்டும் தலைகாட்டியது. ஒரு நாள் ஊட்டிய தீனியால் ஒரு லாயம் முழுவதும் இழப்புக்குள்ளாகலாம் என்பது வெறும் அச்சமன்று.

கொடுப்பவருக்கும் அபாயம் உண்டு. தன் மூக்கின் நேர் முன்னும் கீழும் உள்ள பொருளைக் குதிரையால் பார்க்க இயலாது. உதட்டால் துழாவியே தீனியை எடுக்கும். விரல்களைத் தீனியென எண்ணிக் கடிக்கவும் கூடும். கையில் தின்று பழகிய குதிரை, வெறுங்கையுடன் வருபவரையும் கடிக்கத் தலைப்படும். குதிரைகள் பலவாயின் ஒன்றையொன்று உதைத்துப் போரிடும். வேலியருகே நிற்கும் சிறுவர் அதற்கு இரையாகலாம்.

செய்யத்தக்கவை

கொடுக்க விரும்புவோர் முதலில் உரியவரையோ குதிரைக்காரரையோ கேட்டறிதல் வேண்டும். அவர் இசைந்தால், அவர் கூறிய பொருளை மட்டும், நீளவாக்கில் நறுக்கி, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டலாம். முன்பும் பின்பும் கையைக் கழுவுதல் வேண்டும். குதிரை மெலிந்தோ நோயுற்றோ காணப்படின் தீனி கொடுப்பதைவிட உரியவருக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ அறிவிப்பதே உண்மையான உதவி. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியாக நிறைய தானியம் கொடுப்பது அதன் உயிருக்கே உலையாகலாம். தகாத பொருளைத் தின்றுவிட்டது தெரிந்தால், இன்னது, இவ்வளவு, இந்நேரம் என்று மறைக்காமல் கூறுதல் வேண்டும். மருத்துவர் வருவதற்குள் வாயில் எண்ணெயோ நீரோ ஊற்றுதல் கூடாது. அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

களப்பணியாளர், வேலியோர வீட்டாரிடம் தோட்டக் கழிவுகளை மேய்ச்சல் வெளியில் கொட்டாதிருக்க வலியுறுத்தலாம். ஆசிரியர், அசைபோடும் மாட்டின் இரைப்பையையும் குதிரையின் இரைப்பையையும் கரும்பலகையில் அருகருகே வரைந்து, மாட்டுக்கு ஏற்ற தீனி குதிரைக்கு ஏலாததன் காரணத்தை மாணவர்களைக் கொண்டே கூறச் செய்யலாம். சென்னைக் கடற்கரையிலும் உதகையிலும் சவாரிக் குதிரைகளைக் காணும் மாணவருக்கு இப்பாடம் உடனே பயன்படும்.

உயிர்களிடத்து அன்பு இயல்பானது. ஆயினும் அவ்வுயிரின் தேவையை அறியாது செலுத்தும் அன்பு அதற்குத் துன்பமாகவே முடியலாம். இசிவு நோயாலும் பாம்புக்கடியாலும் மடியவிருந்த மனிதர் பலரைத் தன் இரத்தத்தால் காத்த விலங்கிற்கு மனிதர் காட்டத்தக்க நன்றி, நீட்டிய கையை ஒருகணம் நிறுத்தி, உரியவரை ஒரு சொல் கேட்பதேயாகும்.