இதயத்தின் எதிரொலி: எக்கோ பரிசோதனை பற்றிச் சில வார்த்தைகள்



மருத்துவமனைப் போதகருக்கு வேலை நோயாளியின் படுக்கையருகில் மட்டுமல்ல. பரிசோதனை அறை வாசலில் கிடக்கும் பெஞ்சிலும் உண்டு. "இதயத்துக்கு எக்கோ எடுக்கவும்" என்று எழுதிய சீட்டுடன் அங்கே காத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஐயா, வலிக்குமா? கரண்ட் வைப்பாங்களா?" நான் மருத்துவன் அல்லன். ஆயினும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

வீராம்பட்டினத்து மீனவர் ஒருவருக்கு இதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. விசைப்படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறதே, அது ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லுகிறது. "ஆமாங்கய்யா, மீன் கூட்டத்தையும் காட்டும்" என்று அவரே முடித்து வைத்தார். அதே வேலைதான் இங்கே மார்பின்மேல் நடக்கிறது. நம் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. இந்தக் கருவியின் ஒலியோ 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை உடையது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. ஆகையால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தயக்கமின்றிச் செய்கிறார்கள்.

இதன் பிறப்பும் கப்பலோடு சம்பந்தப்பட்டதே. 1953-ல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலிக்கருவியைக் கொண்டு இதயத்தின் அசைவை முதன்முதல் பதிவு செய்தார்கள். பக்கத்து மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் அப்படியொரு கருவியை ஹெர்ட்ஸ் சோதித்துப் பார்த்ததே இதற்கு ஆரம்பம். எட்லருக்கு வேண்டியிருந்தது ஒரு விடை: இதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா? அறுவைக்கு முன் அது தெரிந்தாக வேண்டும். நம் நாட்டில் இன்றும் பல இளம் பெண்களுக்கு அதே கேள்விக்காகத்தான் இந்தச் சீட்டு எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளை நிறுத்தவும் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மார்பில் குளிர்ந்த ஜெல்லி தடவி, கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். அரைமணி நேரம் ஆகலாம். பெண்கள் மேலாடையைத் தளர்த்த வேண்டியிருக்கும். துணைக்கு ஒரு நர்ஸோ உறவுக்காரப் பெண்ணோ வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள். தொண்டை வழியே குழாய் செலுத்திச் செய்யும் எக்கோ வேறு வகை. அதற்குச் சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல, கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவே. "புஸ், புஸ்" என்ற சத்தமும் ஓட்டையின் சத்தமல்ல; இரத்தம் ஓடும் வேகத்தைக் கருவி அப்படி ஒலியாக்கித் தருகிறது.

ரிப்போர்ட்டில் ஒரு சதவீதம் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் 60 என்று கண்டு, மீதி 40 போய்விட்டது என்றெண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. (மதிப்பெண் போட்டே பழகிய மனிதர்!) ஒவ்வொரு துடிப்பிலும் இடக்கீழறையிலுள்ள இரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். எந்த இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருந்தால் நலமே. மிகச் சிறிய கசிவு என்று எழுதியிருந்தாலும் உடனே கலங்க வேண்டாம்; ஆரோக்கியமானவர்களிடமும் அது காணப்படுவதுண்டு.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "எக்கோ நார்மல்" என்றால் அடைப்பு இல்லை என்று பொருளல்ல. இதயத்துக்கே இரத்தம் தரும் குழாய்களின் அடைப்பைச் சாதாரண எக்கோ நேரடியாகக் காட்டாது. நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறது என்றால், அந்தத் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மறுபடியும் டாக்டரிடம் போய்ச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி அந்த வால்வு விஷயம். பாகூர் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். பெண்ணுக்குச் சிறுவயதில் தொண்டைப் புண், பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தாயோ சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "வரன் வந்திருக்கு ஐயா. எக்கோ எடுத்தான்னு தெரிஞ்சா நெஞ்சு நோவுக்காரின்னு ஊரே பேசும். கல்யாணம் முடியட்டும்" என்றார்கள்.

அந்தத் தாயின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரம்மா அவர்களிடம் சொன்னது இது: கர்ப்பத்தில் உடலின் இரத்தம் ஏறத்தாழ பாதியளவு கூடும். வால்வு குறுகியிருந்தால் அவ்வளவு இரத்தமும் கடக்க வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நோயை எக்கோ உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. அதுவும் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நெடுநேரம் யோசித்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார்கள். நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வால்வின் வாய் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. தொடை நரம்பு வழியாக பலூன் செலுத்தி வால்வை விரிக்கும் முறை ஒன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர் இனோவே 1984-ல் வெளியிட்டது. நெஞ்சைத் திறக்காமலே அந்தப் பெண்ணுக்கு அதைச் செய்தார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசிக்கு அவள் வருகிறாள். பழைய எக்கோ தாள்களையெல்லாம் தேதி வாரியாக ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, கூடவே எடுத்து வருகிறார்கள் அந்த அம்மாள். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க, டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.