பத்மினியின் பழைய பளபளப்பு

கேள்வி: அப்பாவின் 1974 பிரீமியர் பத்மினியில் பக்கவாட்டு அலுமினிய பீடிங் வெளிறி, புள்ளி புள்ளியாக இருக்கிறது. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் பளபளப்பு வரவில்லை. மாற்றிவிடலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். குர்லா தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த பட்டை அது. சரியான வளைவில் இன்னொன்று கிடைப்பது அரிது.

பாலிஷ் ஏறாததற்குக் காரணம், மேலே இருக்கும் அனோடைசிங் படலமாக இருக்கலாம். அது அலுமினியம் ஆக்சைடு. உலோகத்தைவிடப் பல மடங்கு கடினம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பட்டைமேல் மெதுவாக வையுங்கள். மின்சாரம் பாயாவிட்டால் படலம் இன்னும் இருக்கிறது. அதை எடுத்தால்தான் அடியிலுள்ள அலுமினியத்தைத் தொட முடியும்.

பட்டையைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கலந்த நீரில் சில நிமிடங்கள் மட்டும் வையுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைச் சோடாமேல் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டி, கையுறை, கண்ணாடி, திறந்த மாடி எல்லாம் கட்டாயம். எழும் குமிழிகள் ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு ஆகாது. குமிழி வேகமெடுத்ததும் எடுத்துக் கழுவுங்கள். தாமதித்தால் உலோகமே அரிக்கும்.

நெளிவை மரச் சுத்தியலால் பின்புறமிருந்து தட்டி எடுத்து, 400-இல் தொடங்கி 1500 வரை வாட்டர் பேப்பர், பிறகு பஃபிங். இத்தோடு விட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். பீன்யா தொழிற்பேட்டையில் விசாரித்து மறுபடி அனோடைசிங் செய்வதே என் பரிந்துரை. மாட்டும்போது இரும்பு கிளிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் வையுங்கள். இரண்டும் நேரே தொட்டால் மழை ஈரத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.