தன் கையால் ஒரு வாய்

மூணாறு மலை. தேயிலைத் தோட்டம். லயத்தில் ஒரு வீடு.

காலையில் அம்மா கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். பத்து மாதப் பையனைப் பாட்டி பார்த்துக்கொள்வாள்.

காலையில் அவனுக்குச் சாயாவில் நனைத்த பிஸ்கட். மதியம் கஞ்சித் தண்ணீர். சாயங்காலம் மறுபடியும் பிஸ்கட். பையன் கிண்ணத்தில் கையை விடுவான். "சும்மா இருடா!" என்று பாட்டி தட்டிவிடுவாள். மடியில் இறுக்கிப் பிடித்து ஊட்டுவாள். அவன் வாயை மூடிக்கொள்வான்.

அங்கன்வாடியில் பையனை எடை போட்டார்கள். டீச்சர் அட்டையைக் காட்டினார்.

"இது பையனின் எடைக்கோடு. மாதா மாதம் மேலே ஏற வேண்டும். இரண்டு மாதமாக ஏறவே இல்லை."

அம்மா பயந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். சாப்பாட்டைக் கவனிக்கச் சொன்னார்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

கஞ்சித் தண்ணீர் போதுமா?

"மூன்று வேளையும் கொடுக்கிறேனே டீச்சர்!" என்றாள் பாட்டி.

"கொடுக்கிறீர்கள் அம்மா. ஆனால் அதில் சத்து குறைவு. குழந்தையின் வயிறு சிறியது. தண்ணீராக ஊற்றினால் வயிறு நிறைந்துவிடும். உடம்பு தேறாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது. அந்த அளவுக்குச் சாப்பாடு கெட்டியாக இருக்க வேண்டும்."

"சாயா கொடுக்கலாம்தானே? நாங்கள் கிள்ளிய இலைதானே அது?"

"பெரியவர்கள் குடிக்கலாம். குழந்தைக்கு வேண்டாம். சாப்பாட்டில் இரும்புச்சத்து இருக்கிறது. சாயாவில் உள்ள துவர்ப்பு அதை உடம்பில் சேர விடாது. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் குறையும். பிள்ளை சோர்ந்து போவான்."

டீச்சர் மேலும் சொன்னார்:

"6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு மற்ற உணவும் வேண்டும். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து 6 மாதத்தில் குறைந்துவிடும். அதனால் பயறு, கீரை, முட்டை, மீன் எல்லாம் தேவை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 2 வயதுக்கு மேலும் கொடுக்கலாம்."

"நான் காலையில் போனால் சாயங்காலம்தானே வருகிறேன்?" என்றாள் அம்மா.

"போகும் முன் கொடுங்கள். வந்ததும் கொடுங்கள். இரவில் கொடுங்கள்."

எவ்வளவு கொடுப்பது?

6 முதல் 8 மாதம் வரை: ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, அரைக் கிண்ணம் வரை கூட்டலாம்.

9 முதல் 11 மாதம் வரை: 3 அல்லது 4 வேளை. வேளைக்கு அரைக் கிண்ணம். நடுவில் ஒன்றிரண்டு முறை பழம், கிழங்கு போன்றவை.

1 வயது முதல் 2 வயது வரை: 3 அல்லது 4 வேளை. வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம். நடுவில் ஒன்றிரண்டு முறை பழம், கிழங்கு.

கிண்ணம் என்றால் கால் லிட்டர் பிடிக்கும் கிண்ணம்.

என்ன கொடுப்பது?

பத்து மாதப் பையனுக்கு டீச்சர் சொன்ன ஒரு நாள் சாப்பாடு இது:

காலை: அமிர்தம் பொடிக் கூழ். கேரளத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்காக அங்கன்வாடியில் தரும் பொடி இது. குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது. பாக்கெட்டைப் பெரியவர்கள் பங்கு போடக் கூடாது.

முற்பகல்: நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம். அல்லது வேகவைத்த சீனிக்கிழங்கு.

மதியம்: குழைய வெந்த சோறு, சிறுபயறு, முருங்கைக் கீரை. மேலே ஒரு சிறு கரண்டி எண்ணெய்.

சாயங்காலம்: நன்றாக வெந்த முட்டை, பாதி இட்லி. முட்டை இல்லாத நாளில் முள் எடுத்த மீன்.

இரவு: கேழ்வரகுக் கூழ். அல்லது பருப்புச் சோறு, வெந்த காரட்.

உப்பும் சர்க்கரையும் அள்ளிப் போட வேண்டாம். 1 வயது வரை தேன் கூடவே கூடாது.

அவனே எடுக்கட்டும்

"அவன் கையை விட்டால் பாதி கீழே போகிறது. அரிசி என்ன விலை விற்கிறது!" என்றாள் பாட்டி.

டீச்சர் சிரித்தார். "நீங்கள் முதல் நாளே கூடை நிறையக் கொழுந்து எடுத்தீர்களா அம்மா? கை பழக வேண்டாமா? ஒன்பது மாதத்தில் குழந்தை பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பொருளை எடுக்கப் பழகும். கொழுந்து கிள்ளுவது போலத்தான். சாப்பாடு அதற்கு நல்ல பயிற்சி."

"அவன் வயிறு நிறைய வேண்டாமா?"

"தட்டு அவனுக்கு. கிண்ணம் உங்களுக்கு. தட்டில் நான்கு துண்டு இட்லி வையுங்கள். அவன் எடுத்துத் தின்னட்டும். இடையிடையே நீங்கள் ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். திணிக்க வேண்டாம். சாப்பிடும் முன் உங்கள் கையையும் அவன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்."

தொண்டையில் அடைத்தால்?

பாட்டிக்கு இந்தப் பயம்தான் பெரிது. டீச்சர் விளக்கினார்.

கொடுப்பது விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். முழு நிலக்கடலை, பொரிகடலை, தேங்காய்ச் சில்லு, பச்சைக் காரட், முழுத் திராட்சை, மிட்டாய் கொடுக்கக் கூடாது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இருமினால் இருமட்டும். இருமலே அதை வெளியே தள்ளும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டக் கூடாது. அது உள்ளே போய்விடும்.

அழவும் இருமவும் முடியாமல் திணறினால் நேரம் கடத்தக் கூடாது. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். தலை தாழ்ந்திருக்கட்டும். முதுகின் நடுவில் உள்ளங்கையால் 5 தட்டு தட்டுங்கள். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம்

பாட்டி தரையில் ஒரு சாக்கை விரித்தாள். பையனுக்குத் தனித் தட்டு வைத்தாள். முதல் வாரம் சோறு காதில் ஒட்டியது, தலையில் ஒட்டியது. சிந்தியதைக் கோழி கொத்தியது. பாட்டி முணுமுணுத்தாள். ஆனால் கையைத் தட்டவில்லை.

மறுபடியும் எடை போட்டார்கள். கோடு கொஞ்சம் ஏறியிருந்தது.

"இன்னும் ஏற வேண்டும்," என்றார் டீச்சர்.

"ஏறும்," என்றாள் பாட்டி.

பதில் சொல்லுங்கள்

1. குழந்தைக்குச் சாயா ஏன் கூடாது?
2. பத்து மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு?
3. தொண்டையில் அடைக்கக்கூடிய நான்கு பொருள்களைச் சொல்லுங்கள்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டுச் சமையலில் குழந்தைக்கு ஏற்றவை எவை? ஐந்தின் பெயர்களை எழுதுங்கள்.