தில்லிப் பல்கலைக்கழகத்தில் புது மாணவர் நட்பு வட்டம் அமைத்துக்கொள்வது எப்படி?

1922-இல் மூன்று கல்லூரிகளோடு தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தில் இன்று சுமார் 90 கல்லூரிகள் உள்ளன. வடக்கு வளாகத்தைச் சுற்றி ஒரு கொத்து இருக்க, மற்றவை நகரம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஆகவே இளநிலையில் சேரும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது நடைமுறையில் அவர் படிக்கும் கல்லூரிதான். நட்பும் அங்கேதான் அமையும்.

முதலில் தங்குமிடம். பல கல்லூரிகளில் விடுதி இல்லை. இருப்பவற்றிலும் இடம் குறைவு. வெளியூர் மாணவர்கள் பெரும்பாலும் 'பிஜி' எனப்படும் கட்டண விருந்தினர் விடுதிகளில்தான் தங்குகிறார்கள். வடக்கு வளாகத்துக்குக் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன் ஆகியவை அருகில் உள்ளன. வாடகை குறைகிறதே என்று வெகு தொலைவில் அறை எடுப்பது நல்ல சிக்கனம் அல்ல. வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் ஒத்திகையும் டீக்கடைப் பேச்சும்தான் அறிமுகத்தை நட்பாக்குகின்றன. மெட்ரோவைப் பிடிக்க ஓடுபவருக்கு அவை வாய்ப்பதில்லை. இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மாணவியர் பிஜிகளில் இந்தக் கெடு பெரும்பாலும் கடுமையாக இருக்கும்.

அடுத்தது 'சொசைட்டி'. நாடகம், விவாதம், இசை, நடனம், வினாடி வினா என ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்களே நடத்தும் குழுக்கள் உண்டு. முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஆடிஷன் வந்துவிடும். அறிவிப்புகள் கல்லூரிப் பலகையைவிடக் குழுக்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில்தான் முந்தி வரும். மூன்று நான்கு குழுக்களுக்கு முயன்று பார்க்கலாம். சேருவது ஒன்றில் போதும். ஒரே முகங்களை வாரந்தோறும், மாதக்கணக்கில் சந்திப்பதால்தான் நெருக்கம் வருகிறது. பல குழுக்களில் தலைகாட்டுவதால் வருவதில்லை. தெருநாடகக் குழுக்கள் இதற்குச் சிறந்த சான்று. அங்கே ஒத்திகை ஏறக்குறைய அன்றாட வேலை. அதனால் வகுப்பு வருகைப்பதிவு குறையாமல் பார்த்துக்கொள்வது மாணவரின் பொறுப்பு. தேர்வாகாதவர் மனம் தளர வேண்டியதில்லை. சில இடங்களுக்குப் பலர் போட்டியிடும்போது நல்ல திறமைசாலிகளும் விடுபடுவார்கள். நாட்டு நலப்பணித் திட்டமும் துறை மன்றமும் அவர்களுக்கு இடம் கொடுக்கும்.

இந்தி தெரியாதது தமிழ் மாணவருக்குப் பெரிய தயக்கம். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் கேன்டீன் அரட்டை இந்தியில்தான் ஓடும். சரளமாக வந்த பிறகு பழகலாம் என்று காத்திருப்பது வீண். பழகினால்தான் மொழி வரும். கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் பலருக்கும் இதே நிலைதான் என்பதால், முதல் நட்பை அவர்களிடம் தேடுவது எளிது. ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிகள் ஊர் ஏக்கத்தைத் தணிக்கும். ஆனால் வார நாள்களின் தனிமைக்கு வகுப்புத் தோழர்களே தேவை.

'பழக்கப்படுத்துகிறோம்' என்று சீனியர்கள் அவமதித்தால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ராகிங் தடைக்கான இலவச உதவி எண் 1800-180-5522. தனிமை தூக்கத்தையும் படிப்பையும் கெடுக்கத் தொடங்கினால், அரசின் மனநல உதவிச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

முதல் பருவத்தில் யாருடனும் ஒட்ட முடியாதவருக்கு இரண்டாம் பருவத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு. கல்லூரி விழாக்கள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். அவற்றுக்குப் பார்வையாளராகப் போவதைவிட, சில வாரங்கள் முன்பே ஏற்பாட்டுக் குழுவில் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. அதற்குப் பெரும்பாலும் ஆடிஷன் கிடையாது.