டீசல் பிக்கப் வண்டியில் உஷ்ணமானியின் கோளாறை அறியும் முறை

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கும் குடியானவர்கள் பலர். டாஷ்போர்டிலுள்ள உஷ்ணமானியின் முள் மேலேறினால், மானியே பழுதென்று எண்ணி வண்டியை மேலும் ஓட்டுவோர் உளர். முள் காட்டியது மெய்யாயின் ஹெட் காஸ்கெட் கெடும். சிலிண்டர் ஹெட்டும் வளையக்கூடும். ஆதலின் முதலில் சோதிக்க வேண்டுவது எஞ்சினையே. மானியை அதன் பின்னரே.

எஞ்சின் சோதனை.— வண்டியை நிறுத்தி, எஞ்சின் நன்கு ஆறிய பின்னர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு மேனியைப் புண்படுத்தும். நீரொழுக்கு, ஃபான் பெல்ட் இவற்றையும் கவனிக்க. முள் தாழ்ந்து நிற்பதும் எப்போதும் நல்ல அறிகுறியன்று. நீர் வற்றிவிட்டால் சென்ஸர் நீரில் தோயாது. எஞ்சின் அளவு மீறிச் சூடேறிய நிலையிலும் முள் கீழே நிற்கக்கூடும்.

மானிச் சோதனை.— எஞ்சினில் குறையில்லையெனில் மானியை நோக்குக. பழைய வண்டிகளில் சென்ஸரிலிருந்து மானிக்கு ஒரே கம்பி செல்லும். சூடு ஏற ஏறச் சென்ஸரின் மின்தடை குறையும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, அக்கம்பியைச் சென்ஸரினின்று கழற்றுக. முள் குளிர் முனைக்கு இறங்க வேண்டும். இறங்காவிடில், கம்பி எங்கேனும் உராய்ந்து உலோகத்தைத் தொடுகிறது. அன்றேல் மானி பழுது. பின்பு கம்பியின் முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பாகத்தில் ஒரு கணம் மட்டும் தொடுக. முள் சூட்டு முனையை நோக்கி எழ வேண்டும். எழாவிடில் ஃபியூஸ், கம்பி, மானி ஆகிய மூன்றில் ஒன்றில் குறையுண்டு.

இவ்விரு சோதனையும் சரியாயின், குறை சென்ஸரிலோ அதன் எர்த் இணைப்பிலோ உள்ளது. சென்ஸரின் மரையில் டெஃப்லான் நாடாவை மிகுதியாகச் சுற்றுவதாலும் எர்த் கெடுவதுண்டு. டீசல் மானியும் ஒருங்கே தவறாகக் காட்டின், இரண்டிற்கும் பொதுவான மின்வரத்தையும் எர்த்தையும் முதலில் சோதிக்க.

எச்சரிக்கை.— கணினி வழியே மானி இயங்கும் புதிய வண்டிகளில் கம்பியை உலோகத்தில் தொடும் சோதனை கூடாது. அவற்றைப் பட்டறையில் ஸ்கானர் கொண்டே சோதிப்பித்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இம்முறையை வண்டியோட்டுவோருக்கு எடுத்துரைப்பது நலம். சென்ஸரின் விலை அற்பம். எஞ்சினின் பழுதோ ஒரு போகத்தின் லாபத்தை விழுங்கிவிடும்.