ஒரே கூரை, பல வாயில்கள்: தொலைப்பேசிக் கம்பிகளுக்குப் பெயரிடும் முறை

முன்னுரை

வீட்டுத் தொலைப்பேசியில் பேசும் குரல் இணைய வலையமைப்பிற்குள் செல்ல வேண்டுமானால் இடையே ஒரு கருவி தேவை. 'மீடியா கேட்வே' எனப்படும் அதனை ஊடக நுழைவாயில் என்போம். அது தானாக முடிவெடுப்பதில்லை. தொலைவிலுள்ள கட்டுப்படுத்தியின் கட்டளைப்படியே கம்பிகளை இணைக்கும், துண்டிக்கும். கட்டளையிட ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா? தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய நான் பின்னர் ஆங்கிலத்தில் கற்ற இம்முறையைத் தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் அமைப்பு

1999-இல் வெளிவந்து 2003-இல் திருத்தப்பட்ட எம்.ஜி.சி.பி. நெறிமுறையில், கம்பி வந்து சேரும் இடம் 'எண்ட்பாயிண்ட்', அதாவது முனை. '@' குறிக்கு முன்னால் முனையின் பெயரும் பின்னால் நுழைவாயிலின் பெயரும் வரும்.

சுங்கை பூலோவில் முன்பு ரப்பர் ஆய்வுக் கழகத்தின் தோட்டம் இருந்தது. அந்நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா எழுந்துள்ளது. தோட்டத்து முகவரி ஒன்றை எண்ணிப் பாருங்கள்: மூன்றாவது லயன், ஏழாவது வீடு. அதனை 'லயன்3/வீடு7@தோட்டம்' என்று எழுதினால், அதுவே முனைப் பெயரின் வடிவம். நடைமுறையில் ஆங்கில எழுத்துகளே பயன்படும்.

'லயன்3/*' என்றால் அந்த லயனின் எல்லா வீடுகளும். 'லயன்3/$' என்றால் அவற்றுள் ஏதேனும் ஒன்று. நுழைவாயிலே ஒன்றைத் தேர்ந்து அதன் பெயரைத் தெரிவிக்கும். இக்குறிகளை வலப்புறத்திலிருந்தே இட வேண்டும். ஆகவே, '*/வீடு7' என்று கேட்க இயலாது.

நுழைவாயிலை ஐ.பி. எண்ணால் அழைப்பதைவிட டொமைன் பெயரால் அழைப்பது நன்று. எண் மாறினாலும் பெயர் நிலைக்கும்.

மெய்நிகர் நுழைவாயில்

லயன் என்பது ஒரே கூரையின் கீழ் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்ட பல வீடுகள். 2000-இல் வெளிவந்த எச்.248 நெறிமுறையும் ஒரு நுழைவாயிலைப் பல மெய்நிகர் நுழைவாயில்களாகப் பிரிக்க இடமளிக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டுப்படுத்திக்குக் கீழ்ப்படியலாம். ஆனால், ஒரு கம்பியை ஒரு கட்டுப்படுத்தி மட்டுமே ஆள முடியும்.

எனினும், கூரை ஒன்றே என்பதை மறத்தலாகாது. கருவிக்கு மின்சாரம் நின்றால் எல்லாப் பிரிவுகளும் நின்றுபோகும். ஒரு மருத்துவமனையின் முதன்மை இணைப்பையும் மாற்று இணைப்பையும் ஒரே கருவியின் இரு பிரிவுகளில் வைப்பது பாதுகாப்பன்று.

பெயர் பிசகினால்?

நாம் அழைக்கும் 03 எண் நுழைவாயிலில் இருப்பதில்லை. எந்த எண்ணுக்கு எந்த முனை என்னும் அட்டவணை கட்டுப்படுத்தியின் பக்கமே உள்ளது. அதில் ஏழாம் வீட்டின் முனைக்கு நேரே எட்டாம் வீட்டின் எண் பதிவாகிவிட்டதாகக் கொள்வோம். கருவியில் பழுதில்லை, தொலைப்பேசியும் வேலை செய்யும். ஆனால், ஏழாம் வீட்டார் 999-ஐ அழைத்தால் எட்டாம் வீட்டு எண்ணே தெரியும். எண்ணைக் கொண்டு முகவரி தேடினால் ஆம்புலன்ஸ் அடுத்த வீட்டுக்குச் செல்லும்.

ஆகவே, அமைப்பு முடிந்ததும் இரண்டைச் செய்தல் வேண்டும். '*' குறியிட்டு எல்லா முனைகளின் பட்டியலையும் பெற்றுப் பதிவேட்டுடன் ஒப்பிடுக. பிறகு, ஒவ்வொரு கம்பியிலிருந்தும் அழைத்து எந்த எண் தெரிகிறது என்று பார்க்க.

முடிவுரை

செம்புக் கம்பிகள் குறைந்து வருகின்றன. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஐயமற்ற ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரே பொறுப்பாளர் என்னும் விதி எந்த வலையமைப்புக்கும் பொருந்தும். பொறியியல் பயிலும் தம்பி தங்கையர் இதனை முதலில் தமிழில் புரிந்துகொண்டால், ஆங்கில நூலைத் திறக்கும்போது அச்சம் பாதியாகக் குறையும்.