புது கார்டு போட்டும் கேம் திணறுவது ஏன்?

கேள்வி: அண்ணா, என் கம்ப்யூட்டரில் ஐ3-10100 பிராசஸர், எச்410 மதர்போர்டு. போன மாதம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைக் கொடுத்துவிட்டு, லாமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிப் போட்டேன். அன்றைக்கே இரண்டு 4 ஜிபி ராமைக் கழற்றிவிட்டு ஒரே 16 ஜிபி ராம் மாட்டினேன். வாலரன்ட் நன்றாக ஓடுகிறது. ஃபோர்சா ஹொரைசன் 5 மட்டும் ஐந்து நிமிடம் போனதும் விக்கி விக்கி நிற்கிறது. கடைக்காரரோ கார்டில் பழுதே இல்லை என்கிறார். பணம் தந்தது அப்பா. அவரிடம் என்ன சொல்வது?
- கல்லூரி மாணவர், 90 அடி சாலை, தாராவி

பதில்: தம்பி, கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். கார்டு நல்லதுதான், உங்கள் போர்டுக்கு அது தோதானதல்ல.

2022 ஜனவரியில் வந்த 6500 எக்ஸ்டி, 16 லேன் (தரவுப் பாதை) ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 4 லேனை மட்டுமே பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அதற்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவு போய்வரும். உங்கள் பிராசஸரும் போர்டும் 3.0, அதனால் கிடைப்பது 4 ஜிபிதான். பழைய 1050 டிஐ-க்கு 16 லேனும் இருந்தன, அதாவது சுமார் 16 ஜிபி. 90 அடி சாலையில் வந்துகொண்டிருந்த சரக்கைக் குறுக்குச் சந்துக்குள் திருப்பிவிட்ட கதை இது.

கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை இந்தக் குறுகல் பெரிதாகத் தெரியாது. வாலரன்ட் தப்பிப்பது அதனால்தான். ஃபோர்சாவின் டெக்ஸ்சர்கள் அந்த 4 ஜிபியைத் தாண்டியதும், மிச்சம் ராமில் போய் உட்காரும். அந்தச் சந்து வழியாகவே வந்து போகும். விக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இதை இன்றைக்கே சோதிக்கலாம். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருள் கொண்டு பழைய என்விடியா டிரைவரைத் துடைத்துவிட்டு, ஏஎம்டி டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். டெடிகேட்டட் மெமரி 4 ஜிபியை முட்டி, ஷேர்டு மெமரி ஏறினால் நான் சொன்னதுதான் காரணம். டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கி, கேமை மூடித் திறங்கள். விக்கல் நின்றால் சந்தேகமே வேண்டாம். நிற்காமல், கார்டின் சூடு ஏற ஏற அதன் கிளாக் வேகம் இறங்கினால் காரணம் வெப்பம். நம் சின்ன அறைகளில் சுவரோடு ஒட்டிவைத்த கேபினெட்டுக்குக் காற்றே வராது. தூசியைத் துடைத்து, ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுத்தது ராம். இரண்டு ராம் இருந்தபோது டூயல் சேனல் வேலை செய்தது. 2666 வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 42 ஜிபி. ஒற்றை ராமில் 21 ஜிபிதான். அளவு இரட்டித்தது, வேகம் பாதியானது. அதே வேகத்தில் இன்னொரு ராம் சேர்த்தாலோ, இரண்டு 8 ஜிபியாக மாற்றிக்கொண்டாலோ போதும்.

கடையில் எக்ஸ்சேஞ்ச் உண்டென்றால், 16 லேனும் 6 ஜிபி மெமரியும் உள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கேளுங்கள். அதற்கு 8 பின் பவர் கனெக்டர் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். மீடியம் டெக்ஸ்சரில் இந்தக் கார்டு உங்கள் பழைய கார்டை மிஞ்சும்.

ஒரே நாளில் கார்டு, ராம் இரண்டையும் மாற்றியதால்தான் எது குற்றவாளி என்று தெரியாமல் தவித்தீர்கள். இனி ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எஃப்பிஎஸ்ஸை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டி, எங்கே தவறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். உழைத்த காசு வீணாகவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.